ஆடிக் காத்தும் ஞாயிற்றுக்கிழமை ரைடும்

ஞாயிற்றுக்கிழமை காலை 5.15 மணிக்கு சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு டீக்கடையில் கூடுவோம். எட்டுப் பேரும் வருவார்கள், பன்னிரண்டு பேரும் வருவார்கள். மல்லூர், ஆண்டகளூர் கேட் வழியாக புதுச்சத்திரம் வரை போய், அதே ரோட்டில் திரும்புவோம். போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். போகும்போது இடது கைப்பக்கம் ஜருகுமலை, போதமலை, தூரத்தில் கொல்லிமலை. இந்த ரைடில் நான் ரொம்ப நாள் புரியாமலே செய்துகொண்டிருந்த ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் கூட்டமாக ஓட்டவேண்டும்? சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தில் போனால், நாம் மிதிக்கிற சக்தியில் முக்கால்வாசி காற்றைத் தள்ளவே போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்கு. அதைத் தாண்டப் போடவேண்டிய சக்தி எட்டு மடங்கு. 25-ல் இருந்து 30-க்குப் போவது சும்மா அஞ்சு கிலோமீட்டர் கூட என்றுதான் தோணும். ஆனால் காற்றுக்காக மட்டும் 70 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக மிதிக்கணும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் இந்தச் செலவு சட்டென்று குறையும். மொத்த உழைப்பில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு மிச்சம். 2018-ல் பேர்ட் பிளாக்கன் என்ற பொறியாளரின் குழு, 121 பேர் கொண்ட ரேஸ் கூட்டத்தைக் கம்ப்யூட்டரிலும், சின்ன மாதிரிகளை வைத்து காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தது. கூட்டத்தின் நடு, பின் பகுதியில் இருப்பவருக்கு, தனியாகப் போனால் இருக்கிற காற்றுத்தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் இருந்தது. நாங்கள் பத்துப் பேர், அவ்வளவெல்லாம் கிடைக்காது. ஆனாலும் தனியாக 25-ல் மூச்சு வாங்குகிற நான், கூட்டத்தில் 30-ல் பேசிக்கொண்டே போவது இதனால்தான்.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்வது. ஆடி மாசம் வந்தால்தான் கதை மாறும்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் புகுந்து கோவை, திருப்பூர், கரூர் என்று வீசி நம்ம நாமக்கல் சமவெளிக்கும் வந்து சேரும். நம்ம ரோடோ வடக்கு தெற்காகப் போகிறது. அதனால் காற்று நேராக முகத்தில் அடிக்காது, பக்கவாட்டில் அடிக்கும். அப்போது காற்று மறைவு முன்னாடி ஆளுக்கு நேர் பின்னால் இருக்காது. சாயங்கால வெயிலில் நிழல் சாய்வது போல, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

போகும்போது காற்று வலது பக்கமிருந்து வரும். மறைவு இடப்பக்கம், ரோட்டோரமாக விழும். இரண்டு மூன்று பேர் சாய்ந்த வரிசையில் அதற்குள் நிற்கலாம். அதற்கு மேல் ரோட்டில் இடமில்லை. மீதிப் பேர் மண்ணோரமாக ஒத்தை வரிசையில் காற்றைத் தின்னவேண்டியதுதான். புதிதாக வருகிறவர் பின்தங்குவது பெரும்பாலும் இங்கேதான். பாவம், தனக்குக் காலில் பலமில்லை என்று நினைத்துக்கொள்வார்.

திரும்பும்போது காற்று இடப்பக்கம். மறைவு வலப்பக்கம். அதாவது லாரி போகிற பக்கம்!

போன வருஷம் ஆடியில் இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மல்லூர் வருவதற்கு முன்னால் நல்ல களைப்பு. முன்னால் போன அண்ணனுக்குப் பின்னால் இதமாக இருந்த இடத்தைத் தேடித்தேடி, கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்ந்திருக்கிறேன். வெள்ளைக் கோட்டைத் தாண்டியதே தெரியவில்லை. பின்னாலிருந்து நீளமாக ஒரு ஹாரன். பாடி கட்டாத லாரி ஒன்று, வெறும் சேஸிஸ், என் முழங்கைக்குப் பக்கத்தில் போனது. நான் பிரேக்கைப் பிடித்திருந்தால் பின்னால் வந்த தம்பியின் முன்சக்கரம் என் சக்கரத்தில் உரசியிருக்கும். அப்படி உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவர்தான். ஹேண்டிலைத் திருப்பி பேலன்ஸ் செய்ய அவருக்கு வழியே இருக்காது.

புதுச்சத்திரத்தில் எப்போதும் கலகலவென்று பேசுகிற அண்ணன் அன்றைக்கு டீக்கடை வரும்வரை பேசவே இல்லை. வந்ததும், "மூணுல ஒரு பங்கு மிச்சம் பண்றதுக்கு முழு உசுரையும் வெக்கிறயா கண்ணு?" என்றார்.

இப்போது எங்களுக்கு மூன்று வழக்கம். ஒன்று, திரும்பும்போது முன்னால் போகிறவர் இடது ஓரத்தை விடக்கூடாது. வெள்ளைக் கோட்டுக்கு வலப்பக்கம் யாரும் மறைவு தேடக்கூடாது. கிடைக்காத மறைவு கிடைக்காததுதான். இரண்டு, காற்று அதிகமானால் வேகத்தை 24-க்கு இறக்கிவிடுவோம். மூன்று, போகும்போது லாரி கடக்கையில் ஹேண்டிலை இறுக்காமல், ஆனால் கவனமாகப் பிடிக்கணும். வலது பக்கக் காற்றுக்கு எதிராக நாம் லேசாகச் சாய்ந்திருப்போம். லாரி அந்தக் காற்றை ஒரு நொடி மறைத்ததும், சாய்ந்த பக்கமே, லாரி பக்கமே, சைக்கிள் இழுக்கும்.

வேகம் குறைந்ததில் இரண்டு பேருக்கு வருத்தம். அவர்கள் ஆடி முடியும்வரை ஏற்காடு மலை ஏறப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் ஒன்றாகவே டீக்கடைக்கு வந்து சேருகிறோம். அங்கே முதல் வேலை, தலையை எண்ணுவது.