மூச்சுச் சிறுகுழல்களைத் தாக்கும் அரிய நோய்

டிஃப்யூஸ் பான்பிராங்கியோலைட்டிஸ் என்பது நுரையீரலின் மிக நுண்ணிய மூச்சுக்குழல்களில் ஏற்படும் அரிய நாள்பட்ட அழற்சி நோய். 1969இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஹோம்மாவும் யமனாகாவும் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினர். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில்தான் இது அதிகம் காணப்படுகிறது. கிழக்காசிய மக்களின் மரபணுக் கூறுகளுக்கு இதில் பங்குண்டு என்று கருதப்படுகிறது. புகைப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது.

பெரும்பாலான நோயாளிகளுக்குப் பல ஆண்டுகளாகவே சைனஸ் தொல்லை இருக்கும். பிறகு ஓயாத இருமல், ஏராளமான சளி, நடந்தால் மூச்சு வாங்குதல் எனத் தொடரும். சளி தேங்கும் குழல்களில் முதலில் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே போன்ற பாக்டீரியாக்களும், பின்னாளில் எளிதில் அழியாத சூடோமோனாஸும் குடியேறும். சிகிச்சை இல்லாவிட்டால் மூச்சுக்குழல்கள் நிரந்தரமாக விரிந்து, கடைசியில் நுரையீரல் செயலிழக்கும்.

இதை ஆஸ்துமா என்றோ நாள்பட்ட மார்புச்சளி என்றோ எண்ணிவிடுவது எளிது. நோயை உறுதிசெய்ய ஜப்பானில் வகுத்த வரையறைப்படி மூன்று அம்சங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: இருமல், சளி, இளைப்பு ஆகிய அறிகுறிகள்; சைனஸ் அழற்சி; எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ இரு நுரையீரல்களிலும் பரவிய சிறு புள்ளிகள். மார்பில் கேட்கும் கரகர ஒலி, மூச்சுத்திறன் சோதனையில் அடைப்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவும், குளிர் அக்ளுட்டினின் என்னும் எதிர்ப்பொருளின் உயர்வு ஆகியவற்றில் இரண்டேனும் சேர்ந்தால் நோய் உறுதி.

1980களில் ஜப்பானிய மருத்துவர் குடோ ஷோஜியின் குழுவினர், எரித்ரோமைசின் என்ற பழைய ஆன்டிபயாடிக்கைக் குறைந்த அளவில் நீண்டகாலம் கொடுத்துப் பார்த்தனர். நாளொன்றுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை குறைந்தது 6 மாதம், பொதுவாக 2 ஆண்டு வரை தருவது வழக்கமாயிற்று. இந்த அளவு சூடோமோனாஸைக் கொல்லப் போதாது. ஆனாலும் நோயாளிகள் தேறினர். வெள்ளணுக்கள் குழல்களில் வந்து குவிவதையும் சளி மிகுதியாகச் சுரப்பதையும் மருந்து அடக்குவதே இதற்குக் காரணம். 1970களில் நோய் கண்டவர்களில் ஐந்தாண்டு உயிர்பிழைத்தோர் சுமார் 63 சதவீதம். 1985க்குப் பிறகு அது 91 சதவீதமாக உயர்ந்தது.

வயிற்றுக் கோளாறு, கல்லீரல் பாதிப்பு, இதயத்துடிப்பு மாற்றம் போன்ற பக்கவிளைவுகள் உண்டு என்பதால் மருத்துவக் கண்காணிப்பு அவசியம். மருந்தை நிறுத்தியபின் நோய் திரும்பினால், மீண்டும் தொடங்கினாலும் பலன் கிடைக்கிறது. இந்த அனுபவத்தைப் பின்பற்றியே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், பிராங்கியெக்டேசிஸ் நோயாளிகளுக்கும் இதே வகையைச் சேர்ந்த அசித்ரோமைசின் நீண்டகாலம் தரப்படுகிறது.