வீட்டுக்கு வேண்டிய முதல் தையல் இயந்திரம்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஊரிலிருந்து புடவை வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்கு ரவிக்கை தைத்துத் தரும் கடைதான் அகப்படுவதில்லை. தில்லியானாலும் நாகபுரியானாலும் கொல்கத்தாவானாலும், பண்டிகை நெருங்கியதும் தையற்கடைக்காரர் புதுத் துணியைக் கையால் தொடுவதில்லை. முன்கூட்டியே சென்று, 'மாஸ்டர்ஜி'யிடம் நம் அரைகுறை இந்தியில் கழுத்தின் இறக்கத்தையும் கையின் நீளத்தையும் விளக்கிவிட்டு வந்தாலும், கடைசியில் வருவது நாம் கேட்ட ரவிக்கையாக இருப்பதில்லை. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், 'நாமே ஒரு தையல் மிஷின் வாங்கினால் என்ன?' என்ற பேச்சு எழுவது பெரும்பாலும் இத்தகைய ஒரு நாளில்தான்.

எண்ணம் நல்லதே. ஆனால் வாங்கும் முறையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டால், நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. தைக்கக் கற்க வேண்டும் என்ற ஊக்கமே அணைந்துவிடுகிறது. இதை நாம் நம் குடும்பத்திலேயே கண்டோம்.

தில்லியில் வாழும் நம் தங்கைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்சாரத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். இருபதுக்கு மேற்பட்ட தையல் வகைகள் அதில் உண்டு என்று விளம்பரம் சொல்லிற்று; அதைக் கண்டு மயங்கி, கடைக்குப் போகாமலே வரவழைத்தோம். பெட்டி வந்தது, கற்பிக்க ஒருவரும் வரவில்லை. அவள் துணியை வைத்து ஓட்டிய முதல் நாளே, மேற்புறம் தையல் ஒழுங்காகத் தெரிந்தது. கீழ்ப்புறத்தில் நூல் குருவிக்கூடு போலத் திரண்டது. கீழ்நூலிலே குற்றம் என்று கருதி, பாபின் கேஸின் திருகாணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிக்கல் மிகுந்ததே அன்றிக் குறையவில்லை. பத்து நாட்களுக்குப் பின், "எனக்குத் தையல் கை வராது, அண்ணா" என்று சொல்லி, இயந்திரத்தை அலமாரியின் மேலே ஏற்றிவிட்டாள். அது அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்தது.

குற்றம் அவள் கையில் இருந்ததா, இயந்திரத்தில் இருந்ததா? இதற்கு விடை காண, தையல் எவ்வாறு விழுகிறது என்பதைச் சிறிது அறிதல் நலம்.

கையால் தைக்கும் ஊசிக்குக் காது பின்முனையில் இருக்கிறது. இயந்திர ஊசிக்கோ காது கூர்முனையின் அருகே இருக்கிறது. இத்தகைய ஊசியையும் இரண்டு நூல்களையும் கொண்டு தைக்கும் இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் என்னும் அமெரிக்கர் 1846-இல் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஐசக் சிங்கர் அதைப் பெரிதும் செம்மைப்படுத்தினார். அவருடைய நிறுவனம் தவணை முறையில் விற்று, அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இயந்திரங்களின் மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளும் 1924-இல் ஓர் உரையாடலில் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார் என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்கலாம். நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் ஜெய் இஞ்சினீயரிங் ஒர்க்ஸ் 'உஷா' என்ற பெயரில் தையல் இயந்திரம் செய்யத் தொடங்கிற்று. பிற்காலத்தில் பஞ்சாபிலுள்ள லூதியானா இத்தொழிலுக்கும் இதன் உதிரி பாகங்களுக்கும் பெரிய நிலைக்களனாயிற்று.

மேல்நூல் ஊசி வழியாகத் துணிக்குள் இறங்குகிறது. ஊசி சற்றே மேலெழும்போது நூல் சிறு வளையமாக விரிகிறது. அந்த வளையத்தைக் கீழேயுள்ள கொக்கி பற்றி, பாபினைச் சுற்றி இழுத்துவிடுகிறது. இரு நூல்களும் பின்னி, முடிச்சு துணியின் நடுவே அமைகிறது. மேல்நூலை இறுக்கிப் பிடிப்பவை இரண்டு சிறு வட்டத் தகடுகள். துணியை அழுத்தும் பாதம் தூக்கியிருக்கையில் அத்தகடுகள் திறந்திருக்கும். பாதம் இறங்கியதும் மூடிக்கொள்ளும். ஆதலின் பாதத்தை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்தால், நூல் தகடுகளின் இடையே புகுவதில்லை. பிடிப்பின்றி அளவுக்கு மிஞ்சிக் கீழே போகிறது. சிக்கல் தெரிவது கீழே. காரணம் இருப்பது மேலே.

இதைத்தான் நம் தங்கை அறிந்திருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அவள் குடியிருந்த சந்தின் முனையில் மிஷின் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் இயந்திரத்தை எடுத்துச் சென்றோம். அவர் எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. "மகளே, பாதத்தைத் தூக்கிவிட்டா நூல் கோத்தாய்?" என்று இந்தியில் கேட்டார். பாதத்தைத் தூக்கினார், நூலைக் கோத்தார், ஊசியைப் புதிதாக மாற்றினார், ஒரு சாண் துணியை ஓட்டிக் காட்டினார். குருவிக்கூடு மறைந்தது. நாம் இருபது தையல் வகைகளுக்கு விலை கொடுத்தோம். இந்த ஒரு பாடம் கிடைக்கும் இடத்தில் வாங்கத் தவறினோம்.

இனி, வாங்கும் முறையைக் காண்போம். முதலில் ஒரு காகிதத்தை எடுத்து, கடந்த ஓராண்டில் நம் வீட்டில் தையற்கடைக்குச் சென்ற துணிகளை எழுதிப் பாருங்கள். ரவிக்கை, பாவாடை, தலையணை உறை, திரைச்சீலை, பிள்ளைகளின் பள்ளிச் சீருடையில் தையல் விட்ட இடம், நீளம் குறைக்க வேண்டிய கால்சட்டை: பட்டியல் இவ்வளவில் முடிந்துவிடும். இவற்றுள் பெரும்பகுதிக்கு வேண்டியது நேர்த்தையல் ஒன்றே. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கவும், பனியன் போன்ற இழுபடும் துணியைத் தைக்கவும் வளைந்து செல்லும் ஜிக்ஜாக் தையல் உதவும். பொத்தான் துளை போடும் வசதி ஒரு சௌகரியம். பூவும் இலையும் போடும் பிற தையல்கள் முதலாண்டில் அநேகமாகத் தொடப்படுவதேயில்லை.

வீட்டுக்கு ஏற்ற இயந்திரங்கள் மூன்று வகை.

முதலாவது, கையால் சுற்றும் கறுப்பு மிஷின். மின்சாரம் வேண்டுவதில்லை; மெதுவாக ஓடுவதால் கற்பவர்க்கு அச்சமும் இல்லை. ஒரு கை சக்கரத்தில் இருப்பதால், துணியைப் பிடிக்க மற்றொரு கை மட்டுமே மிஞ்சும் என்பது இதன் குறை.

இரண்டாவது, காலால் மிதிக்கும் மிஷின். இரு கைகளும் துணிக்கு உதவும். நேர்த்தையலில் இதன் உழைப்புக்கு ஈடு காண்பது அரிது. தலைப்பாகம் வார்ப்பிரும்பாலானது, பழுது நேர்ந்தால் பெரும்பாலான ஊர்களில் பார்க்க ஆள் உண்டு, உதிரி பாகமும் எளிதிற் கிடைக்கும். வேண்டும்போது ஒரு சிறு மோட்டாரையும் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் மேசையும் இரும்புக் காலும் நிலையான ஓரிடத்தைக் கேட்கும்.

மூன்றாவது, பெட்டி போல் எடுத்து வைக்கத்தக்க மின்சார மிஷின். எடை பெரும்பாலும் ஆறேழு கிலோ. ஜிக்ஜாக், பொத்தான் துளை முதலியன இதில் உண்டு. மோட்டார் செலவிடும் மின்சாரம் பொதுவாக நூறு வாட்டுக்குட்பட்டதே. மெல்லிய துணிக்கும் நடுத்தரத் துணிக்கும் இது தகும். கனத்த ஜீன்ஸ் துணியை நான்கு மடிப்பாக நாள்தோறும் தைப்பதற்கு உரியதன்று.

இம்மூன்றுக்கும் அப்பால் இரண்டு பொருள்கள் நம்மை மயக்கும். ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் மலிவான மிஷின். இவ்வகை பெரும்பாலும் ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடுவது. முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்துவிடும். மற்றொன்று, ஆலைகளில் ஓடும் அதிவேக மிஷின். நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடும் அது, தொழில் செய்பவர்க்கு உரியது; கற்பவரின் விரலுக்கு உரியதன்று.

எந்த வகை யாருக்கு? இங்கே வெளிமாநிலத்தில் வாழும் நம் நிலைமையை மறக்கலாகாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவை எதிர்பார்க்கும் குடும்பம், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் வாழும் குடும்பம் ஆகியவற்றுக்கு எடுத்துச் செல்லத்தக்க மின்சார மிஷின் ஏற்றது. ஓரூரில் நிலைபெற்று, தைப்பதில் சிறிது வருவாயும் தேட எண்ணுவோர்க்குக் கால்மிஷினே நல்லது. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊரில் இருப்போரும், குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்புவோரும் கைமிஷினை இகழ வேண்டுவதில்லை. அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் மிஷினைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். இடையே தக்க மாற்றி இல்லாமல் பொருத்தினால் மோட்டார் எரிந்துவிடும்.

கடைக்குச் செல்லும்போது நம் வீட்டுத் துணியை நாமே எடுத்துச் செல்ல வேண்டும். ரவிக்கைக்குரிய 'டூ பை டூ' துண்டு ஒன்று, பட்டு அல்லது மெல்லிய துணி ஒன்று, பழைய கால்சட்டைத் துண்டு ஒன்று. கடைக்காரர் விறைப்பான புதுத் துணியில் ஓட்டிக் காட்டுவார்; அதில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். நம் துணியில் நாமே ஓட்டிப் பார்க்க வேண்டும். தையல் இரு புறமும் ஒத்திருக்கிறதா? மெல்லிய துணி சுருங்காமல் செல்கிறதா? கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் எங்கேனும் தட்டுகிறதா? பின்னோக்கித் தைக்கும் விசை இயங்குகிறதா? இவற்றைக் கவனித்த பின், நூல் கோப்பதையும் பாபின் சுற்றுவதையும் கடைக்காரர் முன்னிலையில் மூன்று முறை நாமே செய்து காட்டிவிட்டு வருதல் உத்தமம்.

ஊசியின் எண்ணையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மெல்லிய துணிக்கு 11, ரவிக்கை போன்ற நடுத்தரத் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16 என்பது பொதுவான கணக்கு. வீட்டு மிஷின் ஊசி பலவற்றின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஆலை மிஷின் ஊசியின் தண்டு உருண்டையானது. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுவது நல்ல வழக்கம்; தையல் விட்டு விட்டு விழுவதற்கு மழுங்கிய ஊசி ஒரு முக்கிய காரணம்.

விலையைப் பேசுமுன் வேறொரு கேள்வியைக் கேளுங்கள்: "பழுதானால் யார் பார்ப்பார்? நம் பேட்டையில் இருக்கிறாரா?" உத்தரவாதச் சீட்டில் மோட்டாருக்கும் மற்றப் பாகங்களுக்கும் தனித்தனிக் காலவரை இருக்கக்கூடும், படித்துப் பாருங்கள். பழைய மிஷின் வாங்குவதும் தவறன்று. துணியைத் தள்ளும் பற்கள் தேயாமலும், கொக்கியின் முனை மழுங்காமலும், சக்கரம் ஆட்டங்கொடாமலும் இருந்தால், வார்ப்பிரும்பு மிஷின் ஒன்று தலைமுறை கடந்தும் உழைக்கும்.

இலவச மிஷின் என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நம்பிப் பணமோ விவரமோ அனுப்பிவிடலாகாது. மத்திய அரசு பெண்கள் அனைவர்க்கும் இலவசத் தையல் மிஷின் வழங்குவதாகப் பரவிய செய்தியைப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் பொய்யென்று அறிவித்திருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விசுவகர்மா திட்டம் வேறு. அது 18 தொழில்களில் ஈடுபட்ட கைவினைஞர்க்கானது. தையல் தொழிலும் அவற்றுள் ஒன்று. கருவிகளுக்காக 15,000 ரூபாய் வரை உதவி அதில் வகுக்கப்பட்டது. தொழிலாகத் தைப்போர் தம் ஊரிலுள்ள பொதுச் சேவை மையத்தில் விசாரிக்கலாம். முறையாகத் தையல் கற்க விரும்புவோர்க்கு, பல மாவட்டங்களில் இயங்கும் ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் நிலையங்கள் உண்டு.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டா. இந்தியில் 'சிலாயி மஷீன்', வங்காளத்தில் 'செலாய் மெஷின்', குஜராத்தில் 'சஞ்சோ' என்றால் போதும். ஊசி இந்தியில் 'சூயீ', நூல் 'தாகா'. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், நூலின் இறுக்கத்துக்குத் தகுந்த இந்திச் சொல்லை ஆராய்ந்து தேர்ந்துகொண்டு அந்த முதியவரிடம் சென்றோம். அவர் புன்முறுவலோடு, "டென்ஷனா?" என்று கேட்டார். காஷ்மீரம் முதல் குமரி வரை அச்சொல் ஒன்றே போலும்.

அலமாரியின் மேலிருந்து இறங்கிய இயந்திரம் இன்று சன்னலோரத்தில் இருக்கிறது. சென்ற தீபாவளிக்கு நம் தங்கை தன் ரவிக்கையைத் தானே தைத்தாள். கழுத்து சற்றே கோணலாயிற்று என்று அவளே சொல்லிக்கொண்டாள். அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெண் தன் மகளின் பாவாடையோடு வந்து, தனக்கும் கற்றுத்தருமாறு கேட்டாளாம். அவளுக்கு நம் தங்கை சொல்லித்தந்த முதற்பாடம், பாதத்தைத் தூக்கிவிட்டு நூல் கோக்க வேண்டும் என்பதே.