பனாமாப் பணம்

பார்படோஸ், அட்லாண்டிக் மாகடலின்கண் 166 சதுரமைல் அளவே உள்ள தீவு. 1838-ல் அடிமைத்தளை முற்றும் நீங்கிய பின்னரும் அதன் நிலம் பெரும்பாலும் கரும்புத்தோட்ட முதலாளிகள் கையிலேயே இருந்தது. அதில் ஒரு துண்டேனும் உழைப்பாளிக்குக் கிட்டிய வகையையே நாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

1905 முதல் ஏறத்தாழ 20,000 பேர் ஒப்பந்தத்தின்மேல் பனாமாக் கால்வாய் வெட்டச் சென்றனர். கூலி மணிக்கு 10 சென்ட். அதிலும் மிச்சம்பிடித்து மணியார்டர் விடுத்தனர். மணியார்டரில் நாணயம் கடல் கடப்பதில்லை. ஆங்குக் கட்டிய தொகையைப் பார்படோஸ் தபாலாபீஸ் தன் பெட்டியிலிருந்து கொடுக்கும். இரு இலாகாக்களும் பின்னர்க் கணக்குத் தீர்க்கும். மண்சரிவிலும் வெடிவிபத்திலும் காய்ச்சலிலும் மடிந்தோர் பலராதலின், மணியார்டர் வாராத மாதம் வீட்டாருக்கு எத்துணைக் கலக்கம் விளைத்திருக்கும் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

சர்க்கரை விலை வீழ்ந்து நொடித்த தோட்டங்கள் சில துண்டுதுண்டாக விலைக்கு வந்தபோது, பலர் இப்பணங்கொண்டே வீட்டுமனையும் கொல்லையும் வாங்கினர்.