டிக் டிக் சத்தம் நின்றது, காரும் நின்றது!

மோரிஸ் மைனர் காரில் ஏறிய அனுபவம் நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு உண்டு. சாவியைத் திருகியதும், இன்ஜின் கிளம்பும் முன்பே, முன்பக்கத்திலிருந்து 'டிக், டிக், டிக்' என்று ஒரு சத்தம் எழும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். அதுதான் எஸ்.யு. என்ற மின்சாரப் பெட்ரோல் பம்பு.

அதே இனத்துப் பம்புதான் எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இருக்கிறது. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் பலவற்றை அங்கே இன்றும் ஆசையோடு ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டுகிறவர்களுக்குத் தலைவலி தருவதில் இந்தப் பம்புக்குத் தனி இடம் உண்டு.

எஸ்.யு. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் செய்த முதல் கார்பரேட்டரில் தோல் துருத்திதான் இருந்ததாம். குலத்தொழில் எங்கே போகும்!

பம்பு வேலை செய்யும் விதம் எளிது. மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே ஒரு காந்தம் ரப்பர் சவ்வைப் பின்னால் இழுக்கிறது. தொட்டியிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. இழுத்து முடிந்ததும் இரண்டு சிறு உலோக முனைகள் பிரிந்து மின்சாரம் அறுபடுகிறது. உடனே சுருள்வில் சவ்வைத் தள்ள, பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகிறது. அங்கே நிறைந்துவிட்டால் பம்பு தானே நின்றுவிடும்.

காரை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் அந்த முனைகளில் களிம்பு ஏறிவிடும். பிறகு சாவியைத் திருகினாலும் சத்தமே வராது. பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து, மரக்கட்டையால் பம்பை ஒரு தட்டுத் தட்டி ஓட்டிப்போகிறவர்கள் உண்டு. அன்றைக்கு வீடு சேரலாம்; நாளைக்கு என்ன உத்தரவாதம்? இன்ஜின் ஓடாதபோதும் டிக் டிக் ஓயவில்லை என்றால் அது வேறு நோய். எங்கோ காற்று புகுகிறது, அல்லது பெட்ரோல் கசிகிறது.

மாற்றுவதற்குப் புதிய பம்பு இன்றும் எஸ்.யு. பெயரிலேயே கிடைக்கிறது. மலிவாக வருகிறதே என்று இக்காலக் காரின் பம்பைப் பூட்டக் கூடாது. பழைய கார்பரேட்டர் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 ராத்தல் அழுத்தத்துக்கே ஏற்றது. இன்ஜெக்ஷன் காரின் பம்போ 30 ராத்தலுக்கும் மேல் தள்ளும். கார்பரேட்டர் தாங்காமல் பெட்ரோல் சூடான இன்ஜின்மேல் வழியும். அது பற்றிக்கொண்டால் காரோடு போகாது, பக்கத்தில் நிற்கும் ஆளுக்கும் ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. 1967 வரை வந்த எம்.ஜி.பி. கார்களில் பேட்டரியின் பிளஸ் பக்கம் எர்த்; பிறகு வந்தவற்றில் மைனஸ் பக்கம். முனைகளே இல்லாத எலக்ட்ரானிக் பம்பு வாங்குவதானால் அது எந்த எர்த்துக்கு ஏற்றது என்று பார்த்தே வாங்க வேண்டும். இல்லையேல் பூட்டிய அன்றே கருகிப்போகும்.

வேலையை வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்து நெருப்பையும் தொட்டுவிடும். ஆகவே சிகரெட்டும் வேண்டாம், எரியும் விளக்கும் வேண்டாம். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். உறுதியான தாங்கிகள் வேண்டும். பம்பு பின்பக்கம் வலப்புறத்தில், அடித்தட்டை ஒட்டி இருக்கும். பிந்திய கார்களில் அதன் மின்சாரத் தலை மட்டும் பின்பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்தால் குழாயைக் கழற்றும்போது தலையில் கொட்டாது.

இணைப்புகளுக்குப் புதிய வாஷர் போடுங்கள். ரப்பர் குழாய்களையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது. 2021 முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காமல் வெடிக்கிறது. பம்பின் எர்த் ஒயரை மறந்துவிட்டால் புதிய பம்பும் ஊமைதான்.

எல்லாம் பூட்டியபின் பேட்டரியை இணைத்து, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருகுங்கள். டிக் டிக் வேகமாக எழுந்து, மெதுவாகி, நிற்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் இன்ஜினைக் கிளப்பலாம். கழற்றிய பம்பை எறிய வேண்டாம். பெட்ரோலை வடித்து, முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து பின்பெட்டியில் வைத்திருங்கள். வழியில் புதியது மக்கர் செய்தால் கைகொடுக்கும்.