எப்பொக்சித் தளம்: ஏன் குமிழ் வருது, ஏன் காயுதில்லை?

மே மாதம் பிறந்தால் ரொறன்ரோவில் கராஜ் துப்பரவாக்கும் வேலை தொடங்கிவிடும். சாமான் எல்லாம் வெளியே போனதும் அடுத்த யோசனை, "நிலத்துக்கு எப்பொக்சி அடிச்சா என்ன?" தளம் பூசுவது என் தொழில் என்பதால், பிறகு வரும் கேள்விகளும் என்னிடம்தான் வரும். "அண்ணை, முழுக்கக் குமிழாக் கிடக்குது." "அண்ணை, மூண்டு நாளாச்சு, இன்னும் ஒட்டுது. மேலால இன்னொரு கோட் அடிக்கட்டோ?"

அடிக்காதேங்கோ. முதல் காரணத்தைக் கண்டுபிடியுங்கோ. எப்பொக்சி சாதாரண பெயின்ற் மாதிரி வெறுமனே உலர்வதில்லை. றெசினும் ஹார்ட்னரும் வினைபுரிந்துதான் இறுகும். அது சரியாக நடக்காவிட்டால், மேலே எத்தனை கோட் பூசினாலும் அடியில் உள்ளது இளகியபடியே கிடக்கும்.

குமிழ்

கொங்கிறீற் கல் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே நுண்துளைகளும் காற்றும் இருக்கு. வெயில் ஏறி நிலம் சூடாக, அந்தக் காற்று விரிந்து பூச்சைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். ஆகவே காலையில் தொடங்காமல், நிலம் ஆறத் தொடங்கும் பின்னேரத்தில் பூசுங்கோ. முதல் கோட் மெல்லிசா இருக்கட்டும். கலக்கும்போது டிரில்லை மெதுவாக ஓடவிடுங்கோ. பூச்சு ஈரமாக இருக்கும்போதே முள் றோலரை ஓட்டினால் குமிழ் உடையும்.

நிலத்தில் ஈரம் இருக்கா என்று முதலே பாருங்கோ. 18 அங்குலச் சதுரப் பிளாஸ்ரிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விடுங்கோ. அடியில் வியர்த்திருந்தாலோ கொங்கிறீற் கறுத்திருந்தாலோ இப்போதைக்குப் பூசவேண்டாம்.

காயாமல் ஒட்டுவது

அங்கங்கே மட்டும் ஒட்டுதா? கலவை சரியாகக் கலக்கவில்லை. வாளியின் பக்கங்களையும் அடியையும் வழித்துக் கலக்கி, இன்னொரு வாளிக்கு மாற்றித் திரும்பக் கலக்கவேணும். வாளியில் மிஞ்சியதைச் சுரண்டி நிலத்தில் ஊற்றக்கூடாது.

முழுக்க ஒட்டுதா? அளவு பிழை, அல்லது குளிர். "ஹார்ட்னரைக் கூட விட்டா கெதியாக் காயும்" என்பது தவறான கதை. கூடினாலும் குறைந்தாலும் பூச்சு இளகியே நிற்கும். பெரும்பாலான எப்பொக்சிக்கு நிலம் 10 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கவேணும். காற்றின் சூட்டை மட்டும் பார்த்து ஏமாறாதேங்கோ.

குளிருக்காக கராஜுக்குள் புரொப்பேன் ஹீற்றர் கொளுத்தவேண்டாம். நச்சுவாயு ஆபத்து ஒருபக்கம். அதிலிருந்து வரும் நீராவியும் கரியமில வாயுவும் பூச்சின்மேல் எண்ணெய்ப் படலம் போல ஒன்றை உண்டாக்கலாம். 'அமீன் பிளஷ்' என்பார்கள். அதைச் சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் போட்டுக் கழுவி, காயவிட்ட பிறகுதான் தேய்க்கவேணும்.

திருத்துவது

இறுகிய குமிழ் என்றால் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்து, மெல்லிய கோட் ஒன்று பூசலாம். குளிரால் மெதுவாகக் காய்கிறது என்றால் மின்சார ஹீற்றர் வைத்து ஓரிரு நாள் பொறுங்கோ. அதற்குப் பிறகும் பிசின் மாதிரி இருந்தால் வேறு வழியில்லை, சுரண்டி எடுத்துத் திரும்பச் செய்யவேணும்.

பிள்ளைகள்

இறுகாத எப்பொக்சி தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கலாம். அது ஒருதரம் வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே திரும்பக் கடிக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கோ. தோலில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ, தின்னரால் துடைக்கவேண்டாம். பெட்டியில் "24 மணித்தியாலத்தில் நடக்கலாம்" என்று இருப்பது பெரியவர்கள் சப்பாத்தோடு நடப்பதற்கு. பல பூச்சுகள் முழுக்க இறுக 7 நாள் வரை எடுக்கும். அதுவரை கராஜ் கதவைப் பூட்டியே வையுங்கோ, சின்னவர்கள் அந்த நிலத்தில் தவழவும் வேண்டாம், வெறுங்காலோடு ஓடவும் வேண்டாம்.