ஒரே சுண்ணாம்பு, வேற வடிவம்

இந்தக் கிழமை எபிசோட்டில் பேட்டரிக்குள்ள இருக்கிற நிக்கல் ஹைட்ரொக்சைட்டைப் பற்றிக் கதைச்சோம். "பொருள் ஒண்டுதானே, துகளின்ர வடிவம் ஏன் முக்கியம்?" எண்டு கேட்டிருந்தீங்கள். நிக்கலை விட எங்கட வீட்டு ஹைட்ரொக்சைட்டை வைச்சு விளக்கிறது லேசு. அதுதான் சுண்ணாம்பு. அம்மம்மா வெத்திலையில் பூசினதும், இங்க துன்னில் ஷெர்ஸ்லிகன் தேவாலயத்தின் 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களுக்குக் கீழே இருக்கிற சாந்தும் கல்சியம் ஹைட்ரொக்சைட்டில் தொடங்கினவைதான்.

இதன் படிகம் அடுக்கடுக்கானது. ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் பிணைப்பு வலு, அடுக்குகளுக்கு இடையில் பலவீனம். அதனால பக்கவாட்டில் வளர்ந்து அறுகோணத் தட்டாக வரப் பார்க்கும். ஆனால் புதிதாக நீற்றின சுண்ணாம்பில் தூண் மாதிரியான படிகங்களும் நிறைய. தண்ணீருக்குள் மாதக்கணக்கில் ஊற விட்டால் அவை கரைந்து, ஒரு மைக்ரோமீட்டரிலும் சிறிய தட்டுகளாக மாறுகின்றன. 1998இல் ரொட்ரிகஸ்-நவாரோவும் கூட்டாளிகளும் இதைக் காட்டினார்கள். தட்டுகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், தண்ணீரையும் பிடித்து வைக்கும். பூசுகிற மேசனுக்கு அதுதான் வேணும். மூன்று வருஷத்துக்குக் குறைவாக ஊறின சுண்ணாம்பைப் பாவிக்கக் கூடாது எண்டு பழைய ரோமில் விதியே இருந்ததாக பிளினி எழுதியிருக்கிறார்.

மூன்று வருஷம் காத்திராமல் வடிவத்தை மாற்ற ஏலுமா? ஏலும். வேகமாக வளர்கிற முகம் சிறுத்து மறைந்துவிடும், மெதுவாக வளர்கிற முகம்தான் கடைசியில் பெரிதாக நிற்கும். முதலில் கேட்கத் தலைகீழாகத்தான் இருக்கும். ஆக, எந்த முகம் பெரிதாக வேணுமோ அதில் ஒட்டி அதன் வளர்ச்சியைத் தடுக்கிற ஒன்றைக் கரைசலில் போட வேணும். கோட் அதே, கொன்ஃபிக் மட்டும் வேற. கரைசலின் சேர்மானம் மாறினால் இந்தப் படிகத்தின் வடிவம் எப்படி மாறும் எண்டு லோசான் ஈபிஎஃப்எல் ஆய்வாளர்கள் 2011இல் அணு அளவிலான சிமுலேஷனையும் பரிசோதனையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

எனக்குப் பிடிச்சது 2017இல் வந்த ஆய்வு. அதுவும் ரொட்ரிகஸ்-நவாரோ குழுதான். மெக்சிகோவில் சுண்ணாம்பு நீற்றும்போது சப்பாத்திக்கள்ளிச் சாறு சேர்ப்பார்கள். சாற்றில் இருக்கிற பெரிய சர்க்கரைச் சங்கிலிகள் தட்டின் அகன்ற முகத்தில் போய் ஒட்டுகின்றன. புதிய படிகம் உருவாவதையும் தடுக்கின்றன. விளைவு, நானோ அளவிலான, ஒன்றோடொன்று கட்டிபடாத தட்டுகள்.

உடனே உங்களுக்கு அந்த வாட்ஸ்அப் ஃபோர்வேர்ட் ஞாபகம் வரும்: "கடுக்காயும் வெல்லமும் போட்டுக் கோயில் கட்டின எங்கட முன்னோருக்கு நானோ தெரியும்." தெரியாது. அவர்களுக்குக் கை தெரியும், சாந்து தெரியும், அதுவே பெரிய விஷயம். அதோட கடுக்காய் கள்ளி இல்லை. கடுக்காயில் முக்கியமாக இருப்பது டானின், வெல்லத்தில் இருப்பது சின்னச் சர்க்கரை. சீனி சுண்ணாம்பைக் கூடக் கரைய வைக்கும், அது வேற வேலை. கள்ளி முடிவைத் தூக்கி எங்கட சாந்தில் ஒட்ட ஏலாது. ஆனால் "மூடநம்பிக்கை" எண்டு சிரிக்கிற ஆட்களுக்கும் அவ்வளவு அவசரம் வேண்டாம்.

கிம்னாசியத்தில் மட்டூரா ஆர்பைட்டுக்குத் தலைப்புத் தேடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு யோசனை. கடுக்காய் தமிழ்க்கடையில் கேட்டுப் பாருங்கோ. நீற்றும்போதே சேர்க்க வேணும், பிறகு கலந்தால் படிகம் ஏற்கெனவே வளர்ந்திருக்கும். எலெக்ட்ரோன் மைக்ரோஸ்கோப் இல்லாட்டியும் பரவாயில்லை, சின்னத் துகள் மெதுவாகத்தான் அடியில் படியும். அளவுச் சாடியும் மணிக்கூடும் போதும். வீட்டில் வேண்டாம், பள்ளிக்கூட லாபில் ஆசிரியரோட செய்யுங்கோ. நீற்றும்போது கொதிக்கும், பி.எச். 12.4. கண்ணுக்குக் கட்டாயம் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கோ.