வலிக்கிற பல்லைக் கடைசியாகப் பார்... பல் எக்ஸ்ரேயைப் படிப்பது எப்படி?

2019-ல் சென்னை சவீதா பல் மருத்துவமனைக்கு ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். வலது கீழ்த்தாடையில் வீக்கம். எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்தபோதுதான் எலும்புக்குள் ஒரு பை இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சையில் அதிலிருந்து கிடைத்தவை 526 குட்டிப் பற்கள்! 'ஓடோன்டோமா' என்ற, புற்றுநோய் அல்லாத கட்டி அது.

இது அபூர்வம்தான். ஆனால், வாய்க்குள் எட்டிப் பார்த்தால் தெரியாத நீர்க்கட்டிகளும் புதைந்த பற்களும் அபூர்வமில்லை. படம் எடுத்தும் அவை தப்பிவிடுவது உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு லீவு போட்டால் சம்பளம் போச்சு. ராத்திரி தூக்கம் கெட்ட பிறகுதான் பலர் கிளினிக் போகிறார்கள். "இந்த ஒரு பல்லை மட்டும் பாருங்க டாக்டர்!" அங்கேதான் சிக்கல். ஒரு குறை கண்ணில் பட்டதுமே தேடலை நிறுத்திவிடுவது மூளையின் பழக்கம்.

அதற்கு மருந்து, வரிசை. முதலில் பெயர், தேதி, வலமா இடமா. பிறகு தாடை எலும்பின் ஓரங்கள், மேலே சைனஸ். அடுத்து பற்களுக்கு நடுவே எலும்பு இறங்கியிருக்கிறதா. அப்புறம்தான் ஒவ்வொரு பல்லாக, மேலிருந்து வேர் நுனி வரை. வலிக்கிற பல் கடைசி.

எனாமல் வெள்ளை, சொத்தை கருப்பு. வேர் நுனியில் கருவட்டம் என்றால் பெரும்பாலும் சீழ் அல்லது கட்டி. ஆனால் கீழ்த்தாடையில், முன்கடைவாய்ப் பற்களின் வேர் பக்கத்தில் நரம்பு வெளியே வரும் துளை எல்லோருக்கும் உண்டு. படத்தில் அதுவும் அச்சு அசலாகச் சீழ் மாதிரியே விழும். அதை நம்பி ரூட் கெனால் செய்தால் நல்ல பல் வீண்! அதனால்தான் டாக்டர் பல்லில் குளிர்ச்சி வைத்து உயிர் இருக்கிறதா என்று சோதிக்கிறார். கோணம் மாற்றி இன்னொரு படம் எடுக்கிறார். வட்டம் வேரை விட்டு விலகினால் அது துளைதான். இரண்டாவது படம் காசு பிடுங்கும் வேலை இல்லை.

சின்னப் படத்தில் மூன்று, நான்கு பற்களே தெரியும். ஞானப்பல், வீக்கம் என்றால் முழுத் தாடையும் தெரியும் ஓ.பி.ஜி. வேண்டும். அதற்குக் கம்மலைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் நிழல் எதிர்ப்பக்கத் தாடையில் விழும்.

வேலூருக்குப் போய் இன்னொரு டாக்டரிடம் காட்டுவதாக இருந்தால், திரையை போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மங்கலான நிழல்கள் காணாமல் போகும். ஒரிஜினல் ஃபைலையே கேட்டு வாங்குங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.